ஸ்கேன் படம் முதல் மொட்டை முடி வரை: ஈரக் காற்றில் குழந்தையின் நினைவுப் பொருள்களைக் காக்கும் முறை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பூஞ்சை பிடிக்க 65 விழுக்காடே போதும். அழகான பெட்டி ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதில் போட்டு, துணி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டால் இரண்டே ஆண்டில் சட்டையில் கறுப்புப் புள்ளி விழும், தாளை ராமபாணப் பூச்சி அரித்திருக்கும், ஸ்கேன் படம் வெளிறிப்போயிருக்கும். நம் ஊரில் நினைவுப் பொருளைக் காப்பது என்றால் முதலில் ஈரத்திலிருந்து காப்பது என்றுதான் பொருள்.

அதனால் எந்தப் பொருளானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் படம் எடுங்கள், பிறகு முழுக்க உலர்த்துங்கள், அதன்பின் பெட்டியில் வையுங்கள். படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை பிறந்த முதல் மாதத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. எடுக்காமல் விட்டால் பொருள் மங்கிய பிறகு மீட்க வழியில்லை.

ஸ்கேன் படம்: மையே இல்லாத அச்சு

கிளினிக்கில் கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் படம் வெப்பத்தாளில் வருவது. பேரங்காடி ரசீதைப் போல, தாளின் மேல் பூசியிருக்கும் இரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதால் உருவம் தெரிகிறது. ஆகவே சூடு, வெளிச்சம், மதுசாரம், சிலவகைப் பிளாஸ்டிக் ஆகிய நான்கும் அதற்குப் பகை. பிரசவ வலியின்போது வயிற்றில் பட்டை கட்டி எடுக்கும் இதயத்துடிப்பு வரைபடமும் பெரும்பாலும் இதே தாள்தான். அதன் துண்டு கிடைத்தால் அதையும் இப்படியே நடத்துங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் படத்தைக் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் அந்த இடம் எளிதாக 60, 70 டிகிரியைத் தொட்டுவிடும். தாள் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். கைக்கு சானிடைசர் தேய்த்த ஈரத்தோடு தொட்டால் விரல் பட்ட இடம் கறுக்கும், அல்லது அழியும். எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் சேதம் லேமினேட் செய்வது. பாதுகாப்பதாக நினைத்து ஸ்டேஷனரி கடையில் கொடுத்து, சூடான உருளைக்குள் போய் முழுக் கறுப்பாக வெளியே வந்த படங்கள் ஏராளம். வெப்பத்தாளை ஒருபோதும் லேமினேட் செய்யக்கூடாது.

வீட்டுக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள். கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு, படத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து, ஜன்னலோரம் நேரடி வெயில் படாத இடத்தில் வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு விழும். தட்டையான ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அதன் விளக்கு சில வினாடிதான் எரிகிறது, படத்துக்குக் கேடில்லை. பல தனியார் கிளினிக்குகளில் கேட்டால் மின்கோப்பாகவே தருவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு நுணுக்கம் போய்விடும்.

ஆல்பத்தில் ஒட்ட வேண்டியது அந்தக் கோப்பிலிருந்து புகைப்படக் கடையில் போட்ட பிரதி. அசல் படத்தைப் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் இட்டு, அதை ஒரு கனமான காகித உறைக்குள் இருட்டில் வையுங்கள். மென்மையாக, புதுமழைக்கோட்டு வாசம் வீசும் பிவிசி உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் பொருள் அச்சை அழிக்கும். பசைக்கோடு போட்ட பழையவகை ‘ஒட்டும்’ ஆல்பமும், செலோடேப்பும், ஹைலைட்டரும் அப்படித்தான். தேதியையும் எத்தனையாவது வாரம் என்பதையும் படத்தில் எழுதாமல் தனிச் சீட்டில் எழுதுங்கள்.

கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைப் பலர் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அது சிறுநீர் ஊறிய பஞ்சு, கோடும் மங்கும். மின்திரை வகை என்றால் எழுத்து மறைந்துவிடும், உள்ளே இருக்கும் பேட்டரி பின்னாளில் கசியும். படம் எடுத்துவிட்டுப் போட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை.

வளைகாப்பு வளையல்

கண்ணாடி வளையலில் கண்ணாடி கெடாது. மேலே பூசிய தங்கநிறமும் ஜிகினாவும்தான் உதிரும். அதனால் ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் மஞ்சள், குங்குமத் தூளைத் தட்டிவிட்டால் போதும்.

கழற்றுவதில்தான் கவனம் தேவை. கடைசி மாதங்களில் பலருக்குக் கை வீங்கும். அறுவைச் சிகிச்சை என்றால் எல்லா நகையையும் கழற்றச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் வளையலை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். 36ஆவது வாரம் நெருங்கும்போது, வீக்கம் குறைந்திருக்கும் வேளையில் இறுக்கமானவற்றைச் சோப்பு நுரை தடவிக் கழற்றிவிடுங்கள். பிரசவம்வரை கையில் இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், தளர்வாக இருக்கும் ஒரு ஜோடியை விட்டுவைக்கலாம். மருத்துவமனைப் பையில் ஒரு சிறு துணிச் சுருக்குப்பை போட்டு வையுங்கள், கழற்றியதும் அதில் விழட்டும்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிள்ளைப்பேறு பார்த்தவருக்கும் கன்னிப்பெண்களுக்கும் கொடுப்பதும், அம்மனுக்குச் சாத்துவதும் வழக்கம்தானே. தாய்வீட்டார் போட்டது ஒன்று, மாமியார் போட்டது ஒன்று என்று இரண்டு ஜோடி போதும். பழைய பருத்தித் துணியை இறுக்கமாகச் சுருட்டி, அந்தச் சுருளில் வளையல்களைக் கோத்து, இரண்டு வளையலுக்கு நடுவே மெல்லிய காகிதம் வைத்து மேலே சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும், தாளும் அமிலம் கக்கும். வேப்பிலைக் காப்பு வைத்துக்கொள்வதாக இருந்தால் நன்றாக உலர்த்தி, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 2 வாரம் வையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சி முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

மருத்துவமனையிலிருந்து கொண்டுவருபவை

குழந்தையின் கைப்பட்டை, தொட்டிலில் மாட்டிய பெயர்ச்சீட்டு, முதலில் போர்த்திய துணி, தொப்பி. இவற்றைத் தூக்கிப்போடாமல் தரும்படி முதல்நாளே தாதியிடம் சொல்லிவையுங்கள். கைப்பட்டையை வெட்டும்போது எழுத்து இல்லாத இடத்தில், கொக்கிக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். அன்றே படம் எடுங்கள். பட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக், எழுத்து வெப்ப அச்சாகவோ பேனா மையாகவோ இருக்கும், இரண்டும் மங்கும். மற்ற படங்களோடு ஒட்டவிடாமல் தனி உறையில் போடுங்கள். தாயின் அடையாள அட்டை எண் அதில் இருக்கலாம். இணையத்தில் போடும் படத்தில் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் தாய்க்குக் கொடுக்கும் பிங்க் புத்தகமும், குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகமும் இன்னும் வேலை செய்யும் ஆவணங்கள். அடுத்த பிரசவத்திற்கும் தடுப்பூசிக்கும் கேட்பார்கள். நினைவுப் பெட்டியில் அடைக்காமல் ஆவணக் கோப்பில் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அந்தப் பிரதியைப் பெட்டிக்குக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழும் அப்படியே. தீபகற்ப மலேசியாவில் தேசியப் பதிவு இலாகாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். அதையும் லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

பிள்ளை தங்காமல் போன வீடுகளுக்கும் இந்த வழிகாட்டி உரியது. அப்போது கேட்க மனம் வராது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்றும் இருக்கும். கேட்கலாம். காலடி அச்சு, கைப்பட்டை, ஒரு கற்றை முடி, போர்த்திய துணி ஆகியவற்றைத் தர முடியுமா என்று உடன் இருக்கும் உறவினர் தாதியிடம் கேளுங்கள். தாய் இப்போது பார்க்க விரும்பாவிட்டாலும் எடுத்து வையுங்கள். அக்காவோ சித்தியோ தன் வீட்டில் பத்திரப்படுத்தி, அவள் கேட்கும் நாளில் கொடுக்கலாம். அந்தத் துணியைத் துவைக்க வேண்டாம் என்று தாய் சொன்னால் துவைக்காதீர்கள். நன்றாக உலர வைத்து, தனி உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணி போட்டு மூடுங்கள்.

தொப்புள்கொடி

கொடி பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள் தானாக விழும். இழுக்கவோ முறுக்கவோ கூடாது. வேரைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். வீட்டுக்கு வரும் தாதியிடமும் காட்டுங்கள். மஞ்சள், விபூதி, பவுடர் எதையும் அதன் மேல் வைக்காதீர்கள்.

விழுந்த கொடி பார்ப்பதற்கு உலர்ந்ததுபோல் தோன்றும், நடுவில் ஈரம் இருக்கும். அப்படியே வெள்ளித் தாயத்தில் போட்டு மூடினால் உள்ளேயே அழுகி நாறும். பலர் கொடியை இழப்பது இப்படித்தான். இங்கே வெளியில் வைத்து உலர்த்துவதும் கடினம். எறும்பு மோப்பம் பிடித்துவிடும், கரப்பான் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அகல வாயுள்ள சிறு கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சிலிகா ஜெல் மணி 50 கிராம், மேலே இரண்டு மடிப்பு மருத்துவத் துணி, அதன்மேல் கொடி. மூடியை இறுக்கி 7 நாள் வையுங்கள். பிளாஸ்டிக் கிளிப்போடு விழுந்திருந்தால் கிளிப்போடே போடுங்கள், உலர்ந்தபின் பிரிப்பது எளிது. ஏழாம் நாள் நகத்தால் தட்டிப் பாருங்கள். சுக்குத் துண்டுபோல் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும், வளையக்கூடாது. வளைந்தால் புதிய மணி மாற்றி இன்னும் 4 நாள் விடுங்கள். நீலநிற மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நஞ்சு. ஆரஞ்சு நிறம் கேட்டு வாங்குங்கள். எந்த நிறமானாலும் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தாயத்து செய்வதானால் பிரிக்ஃபீல்ட்ஸிலோ, மஸ்ஜிட் இந்தியாவிலோ, பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ வெள்ளிக்கடையில் திருகு மூடி வைத்ததாகக் கேளுங்கள். பற்றவைத்து மூடும் வகையில் நெருப்புச் சூடு உள்ளே போய்க் கொடி கருகும். திருகு மூடியில் குளிக்கும் தண்ணீர் இறங்கும். ஆகவே குழந்தை அணிந்துகொள்ளப் போகும் தாயத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வைத்து, மீதியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பெட்டியில் வைப்பது நல்லது. தாயத்தை இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கட்டுங்கள். கழுத்தில் கட்டாதீர்கள், தூங்கும்போது இறுக்கும். கயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூடி கழன்றிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை திருகிப் பாருங்கள். கழன்ற மூடி நேராக வாய்க்குத்தான் போகும்.

முதல் முடி

பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ மொட்டை போடும்போது தலையை நனைத்துத்தான் மழிப்பார்கள். முடி துண்டு துண்டாக, ஈரமாக, மற்றவர் முடியோடு தரையில் விழும். தைப்பூசக் கூட்டத்தில் அதைப் பொறுக்கியெடுக்க முடியாது. நினைவுக்கு வேண்டியதை முதல் நாளே வீட்டில் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் வைக்காத தலையாக இருக்க வேண்டும். எண்ணெய் முடி ஒரே ஆண்டில் சிக்கு வாடை அடிக்கும். மிதமான குழந்தை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடி நன்றாக உலர்ந்தபின், குழந்தை தூங்கும்போது, பிடரிப் பக்கம் பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்து, முதலில் பருத்தி நூலால் கட்டி, பிறகு முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வேர்ப்பக்கம் வெட்டுங்கள். கட்டிய பிறகு வெட்டினால்தான் முடி சிதறாது. ரப்பர் வளையம் போடாதீர்கள், அது உருகி ஒட்டிக்கொள்ளும். மடித்த காகிதத்தில் வைத்து உறையில் இடுங்கள்.

சாமிக்கு நேர்ந்த முடியில் முன்கூட்டிக் கத்தரி படக்கூடாது என்ற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அப்படியானால் மழிப்பவரிடம் முன்பே சொல்லி, முதல் மழிப்பை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். காகித உறையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, டீ வடிகட்டியில் போட்டு அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு எட்டாத இடத்தில் உலர்த்துங்கள். ஈர முடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே நாறும்.

கை, கால் அச்சு

மை அச்சுதான் எளிது, நீண்ட நாள் இருப்பதும் அதுதான். ‘பிக்மெண்ட்’ மை என்று போட்டிருக்கும், குழந்தைக்கு உகந்த பட்டையை வாங்குங்கள். அமிலமில்லாத கனத்த தாளைப் பாதத்தில் வைத்து அழுத்துங்கள். பாதத்தைக் கொண்டுபோய்த் தாளில் அழுத்தினால் விரல் மடங்கும். குங்குமம், மஞ்சள் குழைத்து அச்செடுப்பது பார்க்க இனிமையாக இருக்கும், ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது, சில மாதத்தில் போய்விடும். குங்குமத்தில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்றும் தெரியாது, பச்சிளங்குழந்தையின் தோலில் வேண்டாம்.

மாவும் உப்பும் பிசைந்து அச்செடுக்கும் முறை நம் ஊருக்கு ஆகாது. உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். இங்கே பெரும்பாலான நாள்களில் அதற்கு மேல்தான். எவ்வளவு சுட்டு உலர்த்தினாலும் வியர்த்து, நெகிழ்ந்து, கடைசியில் எறும்பு மொய்க்கும்.

முப்பரிமாண வார்ப்பு வேண்டுமென்றால் அல்ஜினேட் தூளில் (தண்ணீரில் கலந்தால் ரப்பர்போல் இறுகும் கடற்பாசித் தூள்) அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றுங்கள். பிளாஸ்டரைக் குழந்தையின் கையில் நேராக ஒருபோதும் பூசாதீர்கள். இறுகும்போது அது சூடேறும், தோல் வெந்துபோகும்.

அல்ஜினேட் சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீரின் சூடே காரணம். பாக்கெட்டில் எழுதியிருக்கும் இறுகும் நேரம் ஏறக்குறைய 21 முதல் 23 டிகிரித் தண்ணீருக்கு உரியது. நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடச் சூடாகவே இருக்கும். கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும். குளிர்பெட்டித் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து, தெர்மாமீட்டர் வைத்து 22 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடக் குளிராக்கினால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். பால் குடித்து அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரத்தில் ஒருவர் குழந்தையைப் பிடிக்க, ஒருவர் கலக்க வேண்டும். தனியாளாக முயலாதீர்கள். கலவை கட்டியில்லாமல் பசைபோல் ஆனதும் பாதத்தை இறக்கி, விரல் கிண்ணத்தின் சுவரிலோ அடியிலோ தொடாமல் பிடித்து, இறுகும்வரை அசைக்காமல் வைத்திருந்து, மெல்ல ஆட்டி உருவுங்கள்.

அல்ஜினேட் நீர் வற்றிச் சுருங்கும். 15 நிமிடத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள். 100 கிராம் தூளுக்கு 50 முதல் 60 கிராம் தண்ணீர். தண்ணீரில் தூளைத் தூவுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள். முதலில் கொஞ்சம் ஊற்றி, அச்சைச் சாய்த்துத் திருப்பி விரல்நுனிவரை ஓடவிட்டு, கிண்ணத்தைத் தட்டிக் குமிழை வெளியேற்றி, பிறகு நிரப்புங்கள். விரல் இல்லாத வார்ப்பு வருவது நுனியில் சிக்கிய காற்றுக்குமிழால்தான். ஒரு மணி நேரம் கழித்து அல்ஜினேட்டைக் கையால் பிய்த்து எடுங்கள், கத்தி வேண்டாம். மிஞ்சிய பிளாஸ்டரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

பிறகு பொறுமை வேண்டும். கம்பித்தட்டில் வைத்து, சமையல் தராசில் இரண்டு நாளுக்கொருமுறை எடை போடுங்கள். தொடர்ந்து இரண்டு தடவை எடை குறையாதிருந்தால்தான் உலர்ந்தது என்று அர்த்தம்; இங்கே 2 வாரம்கூட ஆகும். அதற்கு முன் வண்ணமோ வார்னிஷோ பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் பூச்சைத் தோல் தோலாக உரிக்கும்.

சட்டை, தொட்டில் துணி, வெள்ளி

முதல் சட்டை, தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த துணி, தொட்டில் கட்டிய சேலையில் ஒரு முழம். இவ்வளவு போதும். இருபது சட்டை வைத்தால் எதுவும் நினைவில் நிற்காது.

சுத்தமாகத் தெரியும் சட்டையில் ஓராண்டு கழித்து மஞ்சள் திட்டு வரும். கழுத்துப்பட்டியில் தங்கிய பாலின் கொழுப்பும் புரதமும் மெல்ல நிறம் மாறுவதால் அது. ஆகவே வெள்ளைப் பருத்தித் துணியை வைப்பதற்கு முன், 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் ஆக்சிஜன் பிளீச் தூள் கலந்து 4 மணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். குளோரின் வேண்டாம், நூலை அரிக்கும். கண்மைக் கறை எண்ணெய்க் கறை. பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் தேய்த்துக் கசக்குங்கள். மஞ்சள் கறை வெயிலில் போட்டாலே போய்விடும். பட்டுக்கு இந்த ஊறலெல்லாம் ஆகாது. கஞ்சியும் மென்மையூட்டியும் போடாதீர்கள். ராமபாணத்துக்குக் கஞ்சி விருந்து.

அந்துருண்டையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாஃப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியை அடுத்த குழந்தைக்குப் போட்டால், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். இந்நாட்டில் பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் அந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உருண்டை எந்த அலமாரியிலும் வேண்டாம்.

வெள்ளிக் கொலுசு, அரைஞாண், பாலாடை ஆகியவை கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். ரப்பர் வளையமும் கம்பளியும் கந்தகம் விடும், அவற்றோடு வைக்காதீர்கள். சோப்புநீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் தனி ஜிப் பையில் போடுங்கள். பாலாடையின் மூக்கில் பால் காய்ந்திருக்கும், அங்கே தூரிகை விட்டுத் தேயுங்கள். பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும்.

குரலும் கோப்பும்

பாட்டி பாடும் தாலாட்டு எந்தப் பெட்டியிலும் அடங்காது, அவரோடு போய்விடக்கூடியது. மின்விசிறி, ஏர்கோன், தொலைக்காட்சி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கைப்பேசியை அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் தலையணைமேல் வைத்துப் பதியுங்கள். முதல் இரண்டு அடியோடு நிறுத்தாமல் முழுப்பாட்டையும் பாடச் சொல்லுங்கள். தோட்டத்தில் கற்றதா, ஊரிலிருந்து வந்ததா, யார் பாடிக் கேட்டது என்பதையும் அதே பதிவில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

கோப்புப் பெயரை 2025-03-14-பாட்டி-தாலாட்டு என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் கொடுத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பென் டிரைவை நம்பிவிடாதீர்கள். மின்சாரமில்லாமல் பல ஆண்டு கிடந்தால் அதிலிருப்பது அழியக்கூடும்.

பெட்டி

20 லிட்டர் அளவுள்ள, மூடியில் ரப்பர் பட்டை வைத்த, அடியில் 5 என்ற எண் போட்ட பாலிபுரோப்பிலீன் பெட்டி போதும். மரப்பெட்டியும் பலகைத்தூள் அட்டைப்பெட்டியும் அமில ஆவி விடும். ஒரு கிலோ துணியும் தாளும் உள்ள பெட்டிக்கு 250 கிராம் சிலிகா ஜெல்லைத் துளையுள்ள துணிப்பையில் போடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் ஒரு கிராம்கூட இராது. துணிக்குள் ஊறியிருக்கும் ஈரத்தை இழுக்கத்தான் இவ்வளவு மணி. கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். அலமாரியில் தொங்கவிடும், தண்ணீர் சேரும் வகை ஈர உறிஞ்சியை உள்ளே வைக்காதீர்கள். அதில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் எல்லாம் நாசம்.

அடுக்கும் நாளில் அறைக்கதவைச் சாத்தி, ஏர்கோனை உலர் முறையில் 3 மணி நேரம் ஓடவிட்டு, பொருள்களைத் திறந்து பரப்பி வையுங்கள். பிறகு அந்த அறையிலேயே அடுக்கி மூடுங்கள். மழை பெய்யும் மாலையில் ஹாலில் உட்கார்ந்து அடுக்கினால் மழையையும் சேர்த்து அடைத்தது போலாகும். கனமான வார்ப்பும் வெள்ளியும் அடியில், துணி நடுவில், தாளும் முடியும் மேலே. ஜாதகக் குறிப்பின் மூலையில் தடவிய மஞ்சள் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தனி உறையில் போடுங்கள்.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு. 2பி பென்சிலால் எழுதுங்கள், மங்காது, பரவாது. ‘சட்டை’ என்று எழுதிப் பயனில்லை. ‘ஈப்போ அத்தை தைத்தது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது போட்டது, 2025 மார்ச் 17’ என்று எழுதுங்கள்.

பெட்டியைச் சாமி அறையில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. விளக்குப்புகை, எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணி மூன்றும் அங்கே உண்டு. வேறு இடம் பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டியும், மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். தரையில் வைக்கவே வேண்டாம். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. தரைவீடு என்றால் மாடி அறை, மாடி இல்லையென்றால் அலமாரியின் தலைக்கு மேல் தட்டு.

பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஆரஞ்சு மணி நிறம் மாறியிருந்தால் தட்டில் பரப்பி 110 முதல் 120 டிகிரி அவனில் 2 மணி நேரம் சூடாக்கி, மூடிய ஜாடியில் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். அந்தத் தட்டை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். துணியை வேறு கோட்டில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் பல ஆண்டு கிடந்தால் அங்கேதான் கிழியும். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் அந்தப் பொருளை மட்டும் உடனே காகிதப் பையில் பிரித்து, ஏர்கோன் அறையில் இரண்டு நாள் உலர்த்தி, முகக்கவசம் போட்டு வாசலுக்குக் கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும். பெட்டியையும் காலிசெய்து துடைத்து, வெயிலில் அரைநாள் காயவைத்த பிறகே மறுபடி அடுக்குங்கள்.